ஆறாயிரத்து நானூறும் இரண்டு விசிட்டிங் கார்டும்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கணினித் திரையில் ஒரு பஸ்ஸின் போர்டைப் படித்தேன். தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம். வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து, நடுவில் உள்ள பாபநாசம் மட்டும் கொஞ்சம் பொடியாக. 1984இல் அப்பா எடுத்த படம். முன்னால் அம்மா, அம்மாவின் இடுப்பில் நான், பின்னால் சோழன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ். அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் போட்டுக் கொடுத்த பிரிண்டில் அந்த போர்டு ஒரு வெள்ளைக் கறை, அவ்வளவுதான். இதே ஸ்கேனரில் இதே நெகட்டிவை அதற்கு முந்தின மூன்று வாரத்தில் ஏழெட்டு முறை ஓட்டியிருக்கிறேன். அப்போதும் கறையாகவேதான் வந்தது. அதை எழுத்தாக்கியது ஃபிலிமை மாட்டி வைக்கும் ஹோல்டருக்கு அடியில் ஒட்டிய இரண்டு பழைய விசிட்டிங் கார்டுத் துண்டுகள்.

அங்கே வந்து சேர்ந்த கதையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் தப்பாகச் செய்தவைதான்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் மூன்று ரஸ்க் டின்கள் இருந்தன. இரண்டு டின்னில் 35 மி.மீ. நெகட்டிவ்கள், கலரும் கறுப்பு வெள்ளையும் கலந்து 17 ரோல். ரோலுக்கு 36 என்றால் 612 படம். மூன்றாவது டின்னில் அதைவிட அகலமான 120 ஃபிலிம் 8 ரோல். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய அகஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தவை, ரோலுக்கு 12 சதுரப் படம். கூடவே ‘இந்து’ ஃபிலிமின் காலி அட்டைப்பெட்டி ஒன்றும் கிடந்தது. ஊட்டியில் 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் சரக்கு. அதை ஏன் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. உள்ளே இரண்டு குண்டூசி இருந்தது.

இது போதாதென்று மாமா தன் பங்குக்கு 138 ஸ்லைடுகளை அனுப்பி வைத்தார். மாமா விவசாயக் கல்லூரியில் பயிர் நோய்ப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஸ்லைடில் பாதி நெல்லுக்கு வரும் நோய்கள், மீதி குடும்பம். ஒரே தட்டில் குலைநோயும் தங்கையின் காதுகுத்தும் அடுத்தடுத்து இருந்தன.

மொத்தம் 846. பக்கத்து ஸ்டூடியோவில் விசாரித்தேன், படத்துக்கு 25 ரூபாய் என்றார்கள். 21,150 ரூபாய். அதுவும் சின்ன ஜேபெக் ஃபைலாகத்தான் தருவார்களாம். இதைவிடக் குறைந்த செலவில் நானே செய்துவிடுவேன் என்று அன்றைக்கு வீட்டில் சவால் விட்டேன். கணக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வீட்டில் இருந்த பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரில் நெகட்டிவை வைத்துப் பார்த்தேன். கரேல் என்று ஒரு பட்டை வந்தது. அந்த ஸ்கேனர் வெளிச்சத்தைக் காகிதத்தில் அடித்து, திரும்பி வருவதைப் படிக்கிறது. நெகட்டிவுக்கு வெளிச்சம் பின்னாலிருந்து ஊடுருவி வர வேண்டும். சரி என்று டேப்லெட்டில் வெள்ளைத் திரையைப் போட்டு, அதன்மேல் நெகட்டிவை வைத்து மொபைலில் படம் எடுத்தேன். வந்தது. ஆனால் பெரிதாக்கினால் தாத்தாவின் முகம் முழுக்கக் கொசுவலை. டேப்லெட் திரையின் புள்ளிகள் அப்படியே படத்தில் ஏறியிருந்தன. நடுவில் பால் நிற அக்ரிலிக் துண்டு ஒன்றைத் தூக்கி வைத்ததும் கொசுவலை போய்விட்டது, ஆனால் நாலு மூலையும் மங்கல், ஒவ்வொரு படத்துக்கும் மொபைலை நேராகப் பிடிக்கும் போராட்டம். மூன்று நாளில் 20 படம்கூடத் தேறவில்லை.

மூடியிலேயே விளக்கு உள்ள ஃப்ளாட்பெட் ஸ்கேனர்தான் வழி என்று ஆனது. 120 ஃபிலிமும் இருந்ததால் அதற்கும் ஹோல்டர் உள்ளதாகத் தேடி, எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 ஒன்றைப் பழையதாக 14,500 ரூபாய்க்கு வாங்கினேன். 35 மி.மீ. என்றால் ஒரு தடவைக்கு 12 படம், மவுண்ட் போட்ட ஸ்லைடு 4, 120 என்றால் நீளவாக்கில் ஒரு துண்டு. பழையது வாங்குகிறவர்கள் இரண்டைப் பார்த்து வாங்குங்கள். ஒன்று, ஹோல்டர்கள் முழுசாக இருக்கின்றனவா. ஹோல்டர் தொலைந்த ஸ்கேனர் மலிவாகக் கிடைக்கும், பிறகு ஹோல்டருக்கு அலைய வேண்டும். இரண்டு, கண்ணாடியின் அடிப்பக்கம் புகை படிந்த மாதிரி இருக்கிறதா. டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் தெரியும். எனக்குக் கிடைத்ததில் லேசாக இருந்தது, படத்தைப் பாதிக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் ப்ரிவியூ ஓட்டினேன். கும்மிருட்டு. ஏமாந்துவிட்டோம் என்று விற்றவருக்குப் போன் போடப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம் காகிதம் ஸ்கேன் செய்வதற்கான வெள்ளைப் பலகை அப்படியே இருந்தது. அதை உருவி எடுத்தால்தான் பின்னால் இருக்கும் விளக்கு தெரியும். நல்ல வேளை, போன் போடவில்லை.

ஸ்கேனர் வரும் வரைக்கும் சும்மா இருக்காமல் நெகட்டிவைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கியது தனிக் கதை. காவிரிக்கரை ஈரம் சாதாரணமானதல்ல. 120 நெகட்டிவ்களில் பூஞ்சை பிடித்திருந்தது, கோலத்தில் சிக்கு விழுந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக நூல். டெவலப் செய்யும்போது ஃபிலிமைத் தண்ணீரில்தானே கழுவுகிறார்கள், நாமும் கழுவலாம் என்று நினைத்தேன். ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு கலந்து ஒரு துண்டை முக்கி எடுத்து விரலால் மெதுவாகத் தடவினேன். விரலோடு தாத்தா வந்துவிட்டார். திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருக்கும் படம். பூஞ்சை ஜெலட்டினைத் தின்று அதைத் தண்ணீரில் கரைகிற பதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. வேட்டியும் திண்ணைத் தூணும் மிச்சம் இருக்கின்றன, இடுப்புக்கு மேலே வெறும் ஃபிலிம். பிரிண்டும் இல்லை. இந்த வேலையில் நான் திரும்பப் பெற முடியாமல் தொலைத்தது அந்த ஒன்றுதான்.

அதற்குப் பிறகு தண்ணீர் பக்கமே போகவில்லை. 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹால், எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கிறார்களே, அது. மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதம் வேண்டாம், மீதி 30 தண்ணீர். பஞ்சில் லேசாக நனைத்து, முதலில் பளபளப்பான பக்கத்தை மட்டும் ஒரே திசையில் ஒரு இழுப்பு. மங்கலாக இருக்கிற பக்கம்தான் படம் இருக்கிற பக்கம், அங்கே பூஞ்சை இருந்தால் மட்டும் கை வைத்தேன். போகிறது போகட்டும், போகாததை ஃபைலில் சரிசெய்துகொள்ளலாம். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டிய வேலை, பூஜை விளக்கு எரியும் அறையில் கூடாது.

பூஞ்சை இல்லாத நெகட்டிவ்களை நான் தொடவே இல்லை, ரப்பர் ப்ளோயரால் ஊதியதோடு சரி. இரண்டு ரோலில் மட்டும் வினிகர் மாதிரி காடி வாடை அடித்தது. ஃபிலிமின் அசிட்டேட் அடிப்பகுதி சிதையும்போது வருகிற வாடை அது, அருகில் உள்ளவற்றுக்கும் பரவக்கூடியது. அந்த இரண்டையும் தனி உறையில் போட்டு, அவற்றையே முதலில் ஸ்கேன் செய்தேன்.

ஸ்கேனர் பெட்டியில் 6,400 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 6,400 புள்ளி, என்று போட்டிருந்தது. காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம், முழுசாகப் பயன்படுத்துவோம் என்று 6,400ஐயே வைத்தேன். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல். 24க்கு 36 மி.மீ. படம் கிட்டத்தட்ட 5.5 கோடி புள்ளியாக, 48 பிட் டிஃப் ஃபைல் ஒன்று 330 எம்பி. ஒரு ஹோல்டர் நிறைய 12 படம் ஏறினால் 4 ஜிபி. லேப்டாப்பின் விசிறி பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஸ்டவ் மாதிரி இரைந்தது. இரண்டு நாளில் 60 ஜிபி போய்விட்டது.

பிறகு அதே படத்தை 2,400இல் எடுத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் மூக்குத்தி இரண்டிலும் ஒரே மாதிரிதான். 6,400இல் மூக்குத்தி பெரிதாக இருந்தது, தெளிவாக இல்லை. அப்புறம்தான் விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். ஸ்கேனர் எத்தனை புள்ளியாக நறுக்குகிறது என்பது ஒரு கணக்கு, அதன் லென்ஸ் உண்மையில் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறது என்பது வேறு கணக்கு. வீட்டு உபயோக ஃப்ளாட்பெட்டுகள் எல்லாவற்றுக்கும் இது பொது. இந்த வகை ஸ்கேனரைச் சோதனைப் பலகை வைத்து அளந்தவர்களுக்குக் கிடைப்பது 1,500, 1,600 டிபிஐ அளவுக்குத்தான். எண்ணை நான்தான் தப்பாகப் படித்திருக்கிறேன். 2,400இல் எடுத்தால் படத்துக்கு 46 எம்பி, ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. நெகட்டிவுக்கு 2,400 என்றும் ஸ்லைடுக்கு 3,200 என்றும் முடிவு செய்துகொண்டேன். ஸ்லைடுக்கு ஏன் கூட என்றால், காரணம் ஒன்றும் இல்லை, மாமா கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான்.

ஆனால் 2,400 போட்டாலும் படம் மெத்தென்றுதான் இருந்தது. சாஃப்ட்வேரில் ஷார்ப்னெஸைக் கூட்டினேன், ஃபிலிமின் மணல் துகள்தான் முள்ளாகக் கிளம்பியது. பஸ் போர்டு கறையாகவே இருந்தது.

இதைக் கண்டுபிடித்தது ஒரு விபத்து. ஒரு துண்டு நெகட்டிவ் ஹோல்டரில் சரியாக மாட்டாமல் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. கவனிக்காமல் ஓட்டிவிட்டேன். அந்தத் துண்டில் ஓரத்துப் படம் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக வந்திருந்தது. ஸ்கேனரின் லென்ஸ் கண்ணாடிக்கு மேலே ஏதோ ஒரு உயரத்தில் ஃபோகஸ் ஆகி நிற்கிறது, ஃபிலிம் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். இந்த ஸ்கேனரில் ஹோல்டரின் உயரத்தை மாற்றத் திருகாணி எதுவும் கிடையாது. என்னிடம் இருப்பது பல வருஷம் பழகிய ஹோல்டர் வேறு, கால்கள் தேய்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

வெர்னியர் காலிப்பர் என்னிடம் இல்லை. மேசை டிராயரில் பழைய விசிட்டிங் கார்டுகள் இருந்தன. பத்துக் கார்டை அடுக்கி ஸ்கேலை வைத்தால் 3 மி.மீ. அப்படியென்றால் ஒரு கார்டு 0.3. கார்டை 5 மி.மீ. அகலத் துண்டுகளாக வெட்டி, ஹோல்டரின் நாலு மூலையிலும் அடியில் செல்லோ டேப்பால் ஒட்டினேன். ஒரு கார்டு, இரண்டு, மூன்று, நாலு என்று ஏற்றி, பஸ் படத்தை ஒவ்வொரு உயரத்திலும் எடுத்து, போர்டு இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி வரிசையாக அடுக்கினேன். கார்டு இல்லாமல் வெள்ளைக் கறை. ஒரு கார்டில் கறைக்குள் ஏதோ கோடுகள். இரண்டு கார்டில், அதாவது 0.6 மி.மீ. உயர்த்தியதும், ‘தஞ்சாவூர்’ என்பதில் துணைக்கால் தனியாகத் தெரிந்தது. மூன்றில் மறுபடி கலங்கியது. நாலில் முதலில் இருந்ததைவிட மோசம்.

0.3 மி.மீ. இந்தப் பக்கம் போனாலும் கலங்குகிறது, அந்தப் பக்கம் போனாலும் கலங்குகிறது. அதுவரை எடுத்த 200 சொச்சம் படத்தையும் மறுபடி எடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். உங்கள் ஸ்கேனருக்கும் இரண்டு கார்டுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றாக இருக்கலாம், எதுவுமே தேவைப்படாமலும் போகலாம். எழுத்து இருக்கிற படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அளந்து பாருங்கள், முகத்தை வைத்து அளக்காதீர்கள். மங்கலான முகம் அழகாக இருக்கிறது என்று மனசு சமாதானம் சொல்லிவிடும்.

உயரம் சரியானதும் சுருட்டல் தொந்தரவு தெரிய ஆரம்பித்தது. 40 வருஷம் டின்னில் சுருண்டு கிடந்த ஃபிலிம் நடுவில் வில்லாக வளைகிறது. நடு சரியாக இருந்தால் ஓரம் போகிறது. எதிர்ப்பக்கம் சுருட்டினால் நிமிரும் என்று ஒருவர் சொன்னார், எனக்குத் தைரியம் வரவில்லை. பட்டர் பேப்பரில் வைத்துத் தடித்த டிக்‌ஷனரி இரண்டின் அடியில் ஒரு வாரம். முக்கால்வாசி நிமிர்ந்துவிட்டது.

இதற்கு நடுவில் ஒரு மாலை முழுக்க வீணானதையும் சொல்ல வேண்டும். ஹோல்டரில் காலியாக இருக்கும் இடங்களிலிருந்து வெளிச்சம் கசிகிறது, அதனால் படம் வெளிறுகிறது என்று நானே முடிவு செய்து, கறுப்பு சார்ட் பேப்பரை வெட்டி எல்லா ஓட்டையையும் அடைத்தேன். அடுத்த ஸ்கேனில் பச்சையும் சிவப்புமாக மேலிருந்து கீழே கோடு கோடாக வந்தது. ஸ்கேனர் போச்சு என்றே நினைத்தேன். ஹோல்டரின் தலைப்பக்கம் ஒரு நீளத் துளை இருக்கிறது, ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் வெறும் வெளிச்சத்தை அதன் வழியாகப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நான் அதையும் சேர்த்து அடைத்திருக்கிறேன். அங்கே ஒரு தலைமுடி விழுந்தால்கூடக் கோடு விழும். சார்ட் பேப்பர் அம்மாவின் பேத்தியின் பள்ளிக்கூட வேலைக்குப் போனது.

தூசுக்கு டிஜிட்டல் ஐஸ் என்று ஒரு வசதி உண்டு. அகச்சிவப்புக் கதிரால் இரண்டாம் முறை ஓடி, ஃபிலிமில் எங்கெங்கே தூசு, கீறல் என்று கண்டுபிடித்து மறைத்துவிடும். கலர் நெகட்டிவில் நிஜமாகவே மந்திரம் மாதிரி வேலை செய்தது. நேரம் மட்டும் ஒன்றுக்கு மூன்றாகும். அதே குஷியில் கறுப்பு வெள்ளைக்கும் போட்டேன். அத்தையின் கண்ணும் புருவமும் தேய்த்து எடுத்த மாதிரி வந்தன. கலர் ஃபிலிமில் சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசு மறிக்கும். கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளித் துகள், அதுவும் மறிக்கும். ஆகவே புருவத்தையும் தூசு என்று எண்ணிக்கொண்டு துடைத்துவிடுகிறது. கறுப்பு வெள்ளைக்கு ஐஸை அணைத்துவிட்டுக் கையால்தான் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது, ஜிம்ப் மென்பொருளில் ஒவ்வொரு புள்ளியாக.

தூசைக் குறைக்க நான் கண்ட வழி, விடியற்காலை. முந்தின இரவு தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மின்விசிறியைப் போடாமல் கதவைச் சாத்திவிட வேண்டும். ஐந்து மணிக்குப் போனால் தூசெல்லாம் அடங்கியிருக்கும். ஏழு மணிக்கு மேல் விசிறி இல்லாமல் உட்கார முடியாது, வியர்வை நெகட்டிவில் சொட்டும். அதற்குப் பிறகு எல்லா ஸ்கேனும் ஐந்திலிருந்து ஏழுக்குள்தான் நடந்தது.

120 ஃபிலிம் அகலமானது, ஹோல்டரில் நடு தொங்குகிறது. ஃபோட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடியை அடியில் கொடுத்துத் தாங்கினேன். தொங்கல் போயிற்று, பதிலுக்குப் படமெங்கும் தண்ணீரில் எண்ணெய் விட்ட மாதிரி வளையங்கள். நியூட்டன் வளையம். வழவழப்பான இரண்டு பரப்பு ஒட்டினால் வரும். ஃபிலிமின் பளபளப்புப் பக்கம் கண்ணாடியைத் தொட்டதுதான் காரணம் என்பதால், ஃபிலிமைத் திருப்பிப் போட்டு மங்கல் பக்கம் கண்ணாடியில் படும்படி வைத்தேன். வளையம் காணாமல் போனது. பெருமையாக மூன்று ரோலை முடித்து அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தாள். “ஏண்டா, நான் எப்படா வலது தோள்ல முந்தானை போட்டேன்?”

36 படமும் இடம் வலமாக மாறியிருந்தது. அப்பா வலது கையில் கடிகாரம் கட்டியிருந்தார், சட்டைப் பாக்கெட் வலப்பக்கம் போயிருந்தது. ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ஃபைலைத் திருப்புவது ஒரு சொடுக்குதான், மறுபடி ஸ்கேன் செய்யத் தேவையில்லை. ஆனாலும் அதற்கப்புறம் ஒவ்வொரு ரோலிலும் ஃபிலிம் ஓரத்து எண்கள் நேராகத் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகுதான் சேமிக்கிறேன்.

காப்பி போடுவதற்காக ஸ்டூடியோவில் தனியாக வெட்டி எடுத்த ஒற்றைப் படங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. ஹோல்டரில் நிற்காமல் நழுவும். உபயோகமில்லாத ஸ்லைடு மவுண்டுகளைப் பிரித்து அதற்குள் வைத்து ஸ்லைடாகவே ஓட்டினேன்.

கலர் நெகட்டிவில் ஃபிலிம் முழுக்கப் படர்ந்திருக்கும் அந்த ஆரஞ்சு நிறம்தான் சள்ளை. ஸ்கேனர் மென்பொருள் தானாக மாற்றிக் கொடுக்கிறது, ஆனால் ஒரே ரோலில் ஒரு படம் நீலம், அடுத்தது பச்சை. கல்யாணப் படத்தில் வெளிச்சம் பட்ட வேட்டியெல்லாம் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிட்டது. தானாகத் தெரிவு செய்கிற சிறுபடக் காட்சி, இருட்டான படத்தின் ஓரத்தை வெட்டி வேறு விடும். கடைசியில் நெகட்டிவை நெகட்டிவ் என்று சொல்லாமல் பாசிட்டிவாகவே, ஆரஞ்சாகவே, இரண்டு படத்துக்கு நடுவில் உள்ள வெற்று ஓரத்தையும் சேர்த்து எடுத்தேன். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகடாக்டர் என்று ஒரு பகுதி உண்டு. அந்த வெற்று ஓரத்தைக் காட்டினால் அதன் நிறத்தைக் கழித்துவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஒரு ரோலுக்கு ஒரு முறை சரிசெய்து அதையே மற்ற 35க்கும் ஒட்டலாம். கைவர இரண்டு வாரம் ஆயிற்று. அம்மாவின் கூறைப்புடவை அரக்கு நிறமாக வந்தபோதுதான் சரி என்று விட்டேன். புடவை பீரோவில் இருக்கிறது, பக்கத்தில் வைத்தே பார்த்தேன்.

ஸ்லைடு சுலபம் என்று நினைத்தேன், திருப்ப வேண்டியதில்லை, நேர்ப்படம்தானே. மாமாவின் ஸ்லைடுகள் காலத்தில் சிவந்து போயிருந்தன, வயலெல்லாம் செம்பருத்தி. நிறத்தை மீட்கும் பொத்தான் ஒன்று ஸ்கேனர் மென்பொருளில் இருக்கிறது, அதை அழுத்தியதும் எல்லாம் பச்சைப் பசேல். நாற்பது படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். அரைமணியில் போன் வந்தது.

“டேய், துங்ரோவைக் குணப்படுத்திட்டியேடா! நாங்க இருபது வருஷம் முட்டிக்கிட்டோம்!”

துங்ரோ வந்த நெல்லில் இலை மஞ்சளும் ஆரஞ்சுமாகத் திரும்பும். அந்த மஞ்சளைக் காட்டத்தான் அந்த ஸ்லைடே. பொத்தானுக்கு அது தெரியாது, மஞ்சளும் காலம் செய்த கோளாறுதான் என்று எண்ணி இலையைப் பச்சையாக்கிவிட்டது. பிறகு பொத்தானை விட்டுவிட்டு, படத்தில் வெள்ளையாக இருந்தே ஆக வேண்டிய ஒன்றைத் தேடினேன். சில படத்தில் அளவுக்காக இலைக்குப் பக்கத்தில் வைத்த ஸ்கேல், சில படத்தில் வரப்பில் நிற்கிறவரின் வேட்டி. அதை வெள்ளைக்குக் கொண்டுவந்து, மற்றதை அது இழுத்த இழுப்புக்கு விட்டேன். மவுண்டில் ‘ஏடிடி 36’ என்று ஆடுதுறை நெல் ரகத்தின் பெயரைப் பேனாவால் எழுதியிருந்த ஒரு ஸ்லைடில் வெள்ளையே இல்லை. மாமாவை வீடியோ காலில் உட்காரவைத்து, “இன்னும் கொஞ்சம் மஞ்சள், போதும், போதும்” என்று அவர் சொல்லச் சொல்ல நகர்த்தினேன்.

படத்துக்குத் தேதி போடுவது ஸ்கேன் செய்ததைவிட நீண்ட வேலையாக இருந்தது. அம்மாவிடம் வருஷம் கேட்டால் வராது. “இது நாம கீழவீதி வீட்ல இருந்தப்போ, உன் தங்கச்சி வயித்துல நாலு மாசம்” என்று வரும். அதை நான் 1986 என்று கணக்கு போட்டுக்கொள்வேன். ஃபைல் பெயரில் வருஷம், ரோல் எண், படத்தின் எண், அவ்வளவுதான். யார் யார் என்பதை அம்மா சொல்லச் சொல்ல மொபைலில் பதிவு செய்து, ரோலுக்கு ஒரு ஒலிக் கோப்பாக அதே ஃபோல்டரில் போட்டிருக்கிறேன். தட்டச்சு செய்ய நினைத்து நாலு ரோலோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது கணக்கு. ஸ்கேனர் 14,500. ப்ளோயர் 250. பருத்திக் கையுறை 60. ஆல்கஹால் அரை லிட்டர் 320. நெகட்டிவ் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் பக்கங்கள் 1,100. சிலிக்கா ஜெல் 180. ஒரு டிபி வெளி ஹார்டு டிஸ்க் 4,200. ஆக 20,610. ஸ்டூடியோ கேட்டது 21,150. சவாலில் நான் 540 ரூபாய் லாபம். நாலு மாசம் விடியற்காலைத் தூக்கம் போனதற்குக் கூலி போடவில்லை, வீட்டில் அதைத் தினமும் யாராவது நினைவுபடுத்துகிறார்கள். 6,400 மயக்கத்தில் வாங்கிய ஹார்டு டிஸ்க் தேவையே இல்லாதது, எல்லாம் சேர்ந்து 45 ஜிபிதான் வந்தது. 128 ஜிபி பென் டிரைவ் இரண்டு போதும், ஒன்று இங்கே, ஒன்று தங்கை வீட்டில்.

மறுபடி செய்தால் முதல் நாளே கார்டு வைத்து உயரத்தை அளப்பேன். கலர் ரோல்களையும் கறுப்பு வெள்ளையையும் முதலில் பிரித்துவிட்டு, ஐஸ் போடுவதை ஒரே மூச்சில் முடிப்பேன். 120க்கு ஃபிரேம் கண்ணாடியோடு மல்லுக்கட்டாமல் நியூட்டன் வளையம் விழாத சொரசொரப்புக் கண்ணாடி ஒன்றை அளவு கொடுத்து வெட்டி வாங்கியிருப்பேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யவும் மாட்டேன். ஒரே காதுகுத்தை அப்பா 22 படம் எடுத்திருக்கிறார், எல்லாவற்றிலும் தங்கை அழுகிறாள்.

தங்கையின் மாமனார் வீட்டுப் பரணில் இரண்டு டின் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேனரை எடுத்துப்போக வருகிறாள். ஹோல்டருக்கு அடியில் ஒட்டியிருக்கும் அட்டைத் துண்டுகள் குப்பை இல்லை, பிய்த்துப் போடாதே என்று பெட்டியின் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.